செஞ்சி நாடும் சித்திரக் கண்ணும்

சிவமயம்

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் வரலாற்றை அறியாத சைவ அன்பர் இரார். சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விரும்பி, அதற்குரிய பொருளை எங்கும் தேடிப் பெறாது வருந்தி, முடிவில் மனத்தையே நிலமாகக் கொண்டு கோயில் கட்டத் தலைப்பட்டவர் அப்பெரியார். சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைக் கூறும் முறையிலே ஒரு நுட்பம் உண்டு. நினைத்த மாத்திரத்தில் கோயில் முழுதும் தோன்றிற்று என்று அவர் பாடிவிடவில்லை. நாயனார் நினைவினால் பொருளைச் சேர்த்தார்; கருவிகளையும் தச்சரையும் தேடினார்; நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார்; உபானம் முதலாக ஒவ்வோர் உறுப்பாக எழுப்பினார்; சிகரத்தை முழக்கணக்குப் பார்த்து அமைத்தார்; தூபி நட்டார்; சுதை வேலை செய்தார்; கிணறு தோண்டி, மதில் சூழ வைத்து, திருக்குளமும் அகழ்ந்தார். இத்தனையும் மனத்துள்ளே நிகழ்ந்தன. காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான் கும்பாபிஷேகத்திற்குக் குறித்த நாளும், நாயனார் தம் மனக்கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் அரசனது கனவில் தோன்றி, அன்பன் ஆலயத்தில் யாம் புகும் நாள் அது, நீ பிறிதொரு நாள் கொள்க என்று அருளினான். அரசன் திருநின்றவூர் போந்து, கோயில் எங்கே என்று வினவி, அங்கே கல்லாலாய கோயில் இல்லாமை கண்டு வியந்து, நாயனாரை வணங்கிச் சென்றான்.

மனத்திலே முழக்கோல் பிடித்துச் சிகரம் அளந்த ஒருவர், அதற்கு முன் எத்தனை கோயில்களைச் சுற்றி வந்து, எத்தனை விமானங்களை அண்ணாந்து நோக்கி, உபானத்திற்கும் குமுதத்திற்கும் இடையே உள்ள அளவைக் கண்ணால் அளந்திருத்தல் வேண்டும்! காணாத உறுப்பை நினைவில் அடுக்குதல் ஒருவர்க்கும் இயலாது. நாயனாரது அன்பை நாம் போற்றுகிறோம். அவ்வன்புக்குத் துணை நின்ற அவரது காட்சியைப் பற்றி எண்ணுவதில்லை.

இருபது ஆண்டுகள் நாள்தோறும் வலம் வந்த அன்பர் ஒருவரை நிறுத்தி, உங்கள் கோயிற் கருவறையின் புறச்சுவரில் தேவகோட்டங்கள் மூன்றா ஐந்தா என்றும், திருமஞ்சன நீர் வெளிவரும் கோமுகியைத் தாங்கும் உருவம் யாது என்றும், மகாமண்டபத் தூண்கள் உருண்டையா பட்டையா என்றும் கேட்டால், அவர் சற்றுத் திகைப்பார். இஃது அவரது பக்தியின் குறை அன்று. பழகிய பொருளைக் காணாமலே கடந்து போதல் கண்ணின் இயற்கை. அவ்வியற்கையை மாற்றுதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டா. ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும். கோமுகியை எழுதப் புகுந்தவனை அவன் கையே கேள்வி கேட்கத் தொடங்கும். இக்கோடு எங்கே வளைகிறது? இவ்வளைவுக்குக் கீழே இருப்பது பூதமா யாளியா? பூதமாயின் அதன் கைகள் தாங்குகின்றனவா, கூப்பியிருக்கின்றனவா? விடை தெரியாமல் கை நகராது. விடை தெரியக் கண் மீண்டும் கல்லிடம் செல்ல வேண்டும். எழுதிய படம் அழகாக அமைந்ததா இல்லையா என்பது வேறு செய்தி. கோணலாக எழுதியவனும் கண்டுவிடுகிறான்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் வழங்கிய சொற்களே சான்று. சித்திரத்தை அவர்கள் 'எழுதினர்'. ஏட்டில் இடும் எழுத்திற்கும் சுவரில் இடும் உருவத்திற்கும் வினை ஒன்றே. ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றது மதுரைக்காஞ்சி. காண்பாருடைய கண்ணிடத்தே தம் தொழிலைக் கொண்டுவந்து நிறுத்துவோர் என்பது அதற்குப் பழைய உரைகாரர் கொண்ட கருத்து. வண்ணம் தீட்டாது கோட்டால் மாத்திரம் வடிவு காட்டும் படத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று ஒரு பெயரே இருந்தது. அச்சொல் நெடுநல்வாடையிலும் உண்டு, மணிமேகலையிலும் உண்டு. இக்காலத்தார் மேனாட்டு வழக்கென்று எண்ணிக்கொண்டிருக்கும் கோட்டுப்படம் சங்கப் புலவர் உவமையாக எடுத்தாளும் அளவிற்கு இந்நாட்டில் பழகிய பொருள்.

இச்சொற்களை நினைவிற்கொண்டு செஞ்சி நாட்டிற்குள் புகுவோம். புகுதற்கு இதனினும் தக்க நாடு கிடைப்பது அரிது. செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ளது மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து, பிரமன், ஈசுவரன், திருமால் என்னும் மூவர்க்கும் கோயில் அமைத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்னும் நான்கும் இன்றி இதனை ஆக்குவித்தேன் என்று கல்லிலே பொறித்தான். அக்கல்வெட்டில் அவன் தன்னை விசித்திரசித்தன் என்று குறிக்கிறான். அவனுக்கு அமைந்த வேறொரு விருதுப்பெயர் சித்திரகாரப்புலி என்பது. ஓவியருள் புலி என்று தன்னை அழைத்துக்கொள்வதில் பெருமை கண்ட ஓர் அரசன், கல்லில் கோயில் காணும் வழக்கத்தை இந்நிலப்பகுதியில் தொடங்கிவைத்தான் என்பது சிந்தித்தற்குரியது. அப்பர் சுவாமிகளால் சைவம் சார்ந்த பல்லவன் இவனே என்பர் அறிஞர். பாறையின் முகத்தை நோக்கி, அதற்குள்ளே தூண் எங்கே, வாயில் எங்கே, வாயிற்காவலர் எங்கே என்று கோடிட்டுக் காணும் கண் ஒருவனுக்கு முதலில் வாய்த்திருக்க வேண்டும். உளி அதற்குப் பின்னரே வந்தது.

செஞ்சிக் கோட்டைக்கு அண்மையில், பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியிலும் ஒரு குடைவரைச் சிவாலயம் உண்டு. சிகரி பல்லவேசுவரம் என்று அதன் கல்வெட்டுக் கூறும். அங்கே சிவலிங்கத் திருமேனியும் தாய்ப்பாறையிலேயே வடிக்கப்பட்டிருப்பது பலர் அறியாத செய்தி. இன்னும் சற்றுத் தெற்கே பனைமலை. அங்கே குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலை எடுத்தவன் இராஜசிம்ம பல்லவன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்தவனும் அவனே. பூசலாரைத் தேடித் திருநின்றவூர் சென்ற காடவர் கோமானும் அவனே என்று கருதுவோர் உளர். பனைமலையில் துணைச் சன்னிதி ஒன்றின் சுவரில், குடை நிழலில், ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கும் உமையம்மையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. வண்ணம் பெரிதும் போய்விட்டது. கோடு போகவில்லை. புருவத்தின் ஒரு வளைவும் தலைச்சாய்வின் ஒரு கோடும் 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மையின் முகக் குறிப்பை நமக்குக் காட்டுகின்றன.

இனி செஞ்சிக் கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்து வளைத்த பெருங்கோட்டை அது. கோனார் மரபினர் தொடங்கினர் என்பது வழக்கு. பின்னர் விஜயநகரத்தின் கீழ் நாயக்க மன்னரும், 1649 முதல் பிஜப்பூர் சுல்தானியரும், 1677-இல் சிவாஜியும், நெடுங்கால முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயரும் அதனைக் கொண்டனர். 1714-இல் தேசிங்குராஜன் போரில் மடிந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2025-இல் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ ஒருங்கே உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் ஏற்றபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. இவ்வரலாறெல்லாம் நூல்களிற் கிடைக்கும். நூலிற் கிடையாதது கோட்டையின் எதிரே அமர்ந்து எழுதுவார்க்குக் கிடைக்கும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் வண்டியில் அமர்ந்தபடியே கிருஷ்ணகிரியைக் காண்போர்க்கு அது கல்லைக் கொட்டிவைத்த குவியலாகத் தோன்றும். அதனை எழுத உட்கார்ந்தவனுக்குத் தொல்லை உடனே தொடங்கும். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் விளங்காது. உருண்டு நிற்கும் பாறைகளின் இடுக்குகளைப் பார்த்துப் பார்த்து அங்கங்கே மாத்திரம் கட்டடம் எழுப்பியிருக்கின்றனர் பழைய கொத்தர். மலை செய்துவைத்த மதிலை அவர்கள் மீண்டும் செய்யவில்லை. விட்ட இடத்தைத்தான் நிரப்பினர். இராஜகிரியின் உச்சியை மற்ற மலையினின்றும் பிரிக்கும் பிளவு ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையது. அதன்மேல் ஒரு பாலம் இட்டு, அப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவாக நிற்கும்படி அமைத்த சூழ்ச்சியும் இவ்வகையினதே. சுற்றிப் பார்க்க வந்தோர் பாலத்தைக் கடந்து சென்றுவிடுவர். எழுதுவோன் பாலத்திற்குக் கீழே உள்ள வெறுவெளியையும் எழுதியாக வேண்டும்.

கல்யாண மகாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே எட்டு நிலை கொண்ட சதுரக் கோபுரம் ஒன்று கூர்நுதிக் கூரையோடு நிற்கிறது. தொலைவிலிருந்து நோக்க எல்லா நிலைகளும் ஒன்றுபோலத் தோன்றும். கோடிட்டு எண்ணுவார்க்கு முதல் ஆறு நிலைகளே ஒத்தவை என்பது புலனாகும். அவற்றிலே சிறிய ஓர் அறையும் அதனைச் சூழ வளைவுத் தாழ்வாரமும் உண்டு. ஏழாம் நிலையில் தாழ்வாரம் இல்லை, அஃது இருந்த சுவடு மாத்திரம் உண்டு. எட்டாவது இன்னும் சிறுத்துவிடுகிறது. கோட்டைக்குப் புறத்தே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியே ஆறாம் நிலை வரை நீர் ஏற்றினர் என்பர். தோள்முட்டும் படிகளில் ஏறி இறங்கிவிட்டுக் கோபுரம் உயரமாக இருக்கிறது என்று சொல்லித் திரும்புவோர் பலர். ஏழாம் நிலைத் தாழ்வாரம் எங்கே போயிற்று என்று கேட்போர் சிலர்.

கோட்டையுள் பெரிய கோயில் வேங்கடரமணர் கோயில். 16-ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் காலத்தில் எழுந்தது. கோபுர வாயிலின் உட்சுவர்களில் அவதாரக் காட்சிகளும் இராமாயணக் காட்சிகளும் சிறு சிறு சதுரங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. சைவ அன்பரும் நின்று காணத்தக்க வேலை அது. ஆனால் உள்ளே செல்வோர்க்கு ஒரு வெறுமை தோன்றும். அக்கோயிலின் சிறந்த ஒற்றைக்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் திருவுருவைச் சூழ்ந்து நிற்கும் 8 கருங்கற் றூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பர். மாலைக் காற்று வாங்க வருவோர் அவற்றின்மீது சாய்ந்து நிற்கின்றனர். 1597-இல் செஞ்சிக்கு வந்த பிமெண்டா என்னும் ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகர்களுள் இதுவே பெரிது, போர்த்துகல்லில் லிஸ்பன் ஒன்றே இதனின் மிக்கது என்னும் கருத்துப்பட எழுதிவைத்தார். நகரின் பெருமை அவர் சொல்லால் விளங்குகிறது. ஆயினும் மண்டபத்தின் எந்த வரிசையில் எந்தத் தூண் நின்றது என்பதற்குச் சொல் உதவாது. தூண்களை வண்டியேற்றிய நாளுக்கு முந்தின நாள் ஒருவன் அமர்ந்து ஒரு கோட்டுப்படம் எழுதியிருந்தால் அஃது உதவும்.

இவ்வுதவி எத்தகையது என்பதற்குச் செஞ்சியை விட்டுச் சற்று வடக்கே, ஆந்திர நாட்டின் கிருஷ்ணையாற்றங்கரைக்குச் செல்ல வேண்டும். அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியை 1797-இல் கண்டவர் காலின் மெக்கன்சி என்னும் நில அளவை அதிகாரி. ஊரார் அதன் சலவைக்கற்களைப் பெயர்த்துக் கட்டட வேலைக்கும், சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் கொண்டுபோய்க்கொண்டிருந்தனர். மெக்கன்சி 1816-இல் படம் எழுதுவோரை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றார். அவர்கள் கல் கல்லாக அமர்ந்து எழுதினர். அப்பொழுது எழுதப்பட்ட கற்களுள் சில பின்னர் மறைந்தே போயின. லண்டன் நூலகத்தில் உள்ள அப்படங்களில் மாத்திரமே அவை இன்று இருக்கின்றன. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. அமராவதியில் சுவர் போய்ச் சித்திரம் நின்றது.

காத்துவைத்தலோடு கோட்டுப்படத்தின் பயன் முடிந்துவிடவில்லை. அதனால் காலத்தையும் கணிக்கலாம் என்று காட்டியவர் செஞ்சிக்கு அண்மையில், புதுச்சேரியிலே ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1909-இல் இந்நாட்டிற்கு வந்த அவர், கோயில்களைச் சுற்றிச் சுற்றி அவற்றின் உறுப்புக்களை ஒப்புநோக்கினார். தொழில் செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டு ஸ்தபதிகளிடம் அமர்ந்து அவற்றின் பெயர்களைக் கேட்டறிந்தார். 1914-இல் பாரிஸ் நகரில் வெளிவந்த அவரது தென்னிந்தியத் தொல்பொருள் நூலில் கூடும், மாடமும், தூணும், போதிகையும் கோட்டுப்படங்களாக வரிசைப்பட்டு நிற்கின்றன.

போதிகை ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்க. தூணின் தலைக்கும் உத்தரத்திற்கும் இடையே பாரம் தாங்கி நிற்கும் கல் அது. எந்தக் கோயிலிலும் கையெட்டும் உயரத்திற்குச் சற்று மேலே இருப்பது. ஆகவே எவரும் பார்ப்பதில்லை. பல்லவர் குடைவரைகளில் அதன் அடிப்புறம் அலைபோல் மடிந்து மடிந்து வரும். தரங்கப் போதிகை என்பர். சோழர் காலத்தில் அலை மறைந்து சாய்வாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு நாக்குப் போன்ற முனை வெளிப்படும். பின்னர் அம்முனை கீழ்நோக்கித் தாழத் தொடங்கி மொட்டாகும். விஜயநகர காலத்தில் மொட்டு வளைந்து தொங்கும். நாயக்கர் காலத்தில் அஃது இதழ் விரிந்து வாழைப்பூப் போலக் கவிழ்ந்து நிற்கும். ஆயிரம் ஆண்டுகள் ஒரே கல் மெல்ல மெல்ல மலர்ந்த வரலாறு இது. கல்வெட்டு ஒன்றும் இல்லாத சிற்றூர்க் கோயிலிலும் போதிகையைப் பிழையின்றி எழுதிக் காட்டினால், ஏறத்தாழ எந்நூற்றாண்டின் வேலை என்று அறிந்தோர் கூறிவிடுவர். நான்கு போதிகைகளை அடுத்தடுத்து ஒரே தாளில் எழுதிப் பார்த்தல்லது இவ்வேறுபாடு கண்ணிற் படாது. ஒரு கோயிலுக்கும் மறு கோயிலுக்கும் இடையே நடந்து செல்வதற்குள் முந்தியதன் வடிவம் நினைவினின்றும் நழுவிவிடும். துப்ரேயின் கூர்த்த கண்ணுக்கு இன்னும் ஒரு பெரும்பேறு வாய்த்தது. 1931-இல் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சுற்றாலைச் சிறு சன்னிதிகளில், பிற்காலச் சுண்ணப்பூச்சின் கீழே பல்லவர் கால வண்ணமும் கோடும் மறைந்திருப்பதை அவர் கண்டார். பூசலார் கதையில் வரும் கற்றளியாகப் போற்றப்படுவது அக்கோயிலே என்பதை அன்பர்கள் நினைவு கூர்க. எத்தனையோ தலைமுறையினர் வலம் வந்த சுற்றாலை அது.

வேற்று நாட்டார் செய்த பணியைச் சொன்னோம். நம் நாட்டவர் ஒருவர் செய்ததைச் சொல்லாது விடுதல் நன்றி கோறலாகும். நாமக்கல்லில் 1919-இல் பிறந்தவர் பி. எம். சீனிவாசன். நாமக்கல்லும் செஞ்சியைப் போலப் பாறையும் கோட்டையும் குடைவரையும் அமைந்த ஊரே. இளமையிலேயே படம் எழுதும் ஆர்வம் மிக்கிருந்த அவரை, தாமே ஓர் ஓவியராகிய நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஊக்கிச் சென்னை ஓவியப் பள்ளியில் சேரும்படி நெறிப்படுத்தினார் என்பர். தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைவராக இருந்த காலம் அது. கற்று முடித்து ஆனந்த விகடனில் சேர்ந்தவருக்கு அங்கிருந்த ஓவியர் மாலி இட்ட பெயர் 'சில்பி'. 1940-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் விகடனில் வெளிவந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் வரிசையில், தமிழகத்திலும் அண்டை நாடுகளிலும் உள்ள கோயில்களின் கோபுரங்களையும் மண்டபங்களையும் சிற்பங்களையும் அவர் எழுதினார். வாரந்தோறும் பல்லாயிரம் வீடுகளுக்கு அப்படங்கள் சென்றன. தலயாத்திரை செய்ய வசதியற்ற முதியோர் அத்தாள்களைக் கத்தரித்துப் பூசையறையில் ஒட்டி வைத்துக்கொண்டனர்.

சில்பியின் வழக்கம் நேரில் அமர்ந்து எழுதுதல். புகைப்படத்தைப் பார்த்து வீட்டிலிருந்து எழுதுவது அவருக்கு உடன்பாடன்று. ஆசாரம் தவறாது கோயிலுக்குள் சென்று, உருவத்தின் எதிரே பல மணி நேரம் இருந்து, கோடு கோடாக ஏற்றுவார். தூணின் சிற்பத்தில் மூக்கு உடைந்திருந்தால் உடைந்ததாகவே அவர் படத்திலும் காணலாம். சிலைமீது படும் ஒளி, கல்லின் வழவழப்பு, எண்ணெய்ப் பூச்சின் மினுமினுப்பு ஆகிய யாவும் மையின் அழுத்தத்தால் மாத்திரம் புலப்படும். கருவறைத் திருமேனிகளைப் புகைப்படம் எடுத்தல் மரபன்று என்பது யாவரும் அறிந்தது. ஆகவே அவர் எழுதிய மூலமூர்த்தியின் படங்களுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1983-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய காலத்திற்குப் பின் திருப்பணி கண்ட கோயில்கள் எத்தனையோ. வண்ணம் மாறிய கோபுரங்களுக்கும், சிமெண்டுப் பூச்சில் மறைந்த சுதை உருவங்களுக்கும் முன் நின்று, அவரது படத்தைக் கையில் வைத்து ஒத்துப் பார்ப்பார்க்கு அவர் செய்த தொண்டின் அளவு விளங்கும்.

புகைப்படக் கருவி ஒவ்வொருவர் கையிலும் வந்துவிட்ட இந்நாளில் இவ்வளவு பாடு எதற்கு என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. புகைப்படம் வேண்டா என்பார் இல்லை. எழுதுவதோடு அதுவும் இருத்தல் நன்று. எனினும் கருவி எல்லாவற்றையும் ஒரு நொடியில் வாங்கிக்கொள்கிறது. வைத்திருப்பவன் ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமலே வீடு திரும்பலாம். ஒரு தூணை எழுத அரை நாள் அத்தூணுடன் இருக்க வேண்டும். அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்திப் புல் செதுக்கிய திருத்தொண்டை நினைக்க. குனிந்து புல் செதுக்குவோர்க்கன்றி, அதிட்டானத்தின் கீழ்வரியில் ஓடும் சிறு சிற்பங்கள் யார் கண்ணிற் படும்?

அச்சிறு சிற்பங்களைப் பற்றி மேலும் ஒன்று சொல்லத் தகும். இரண்டாம் இராஜராஜன் எடுத்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் 63 நாயன்மார்களின் வரலாறும் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாய் உள்ளன. நாயன்மார்கள் யாவர்? குயவர் ஒருவர், வண்ணார் ஒருவர், நெசவாளர் ஒருவர், செக்கு ஆட்டுபவர் ஒருவர், வலை வீசுபவர் ஒருவர். இவர்கள் வரலாற்றைக் கல்லில் எழுத வேண்டிய சிற்பி, தன் ஊர்த் தெருவில் நடக்கும் தொழில்களை நின்று நோக்கியிருத்தல் வேண்டும். அன்றாட வாழ்வைக் கண்டெழுதுதல் கோயிற்கலைக்குப் புறம்பானது என்பார்க்குத் தாராசுரமே விடை. செஞ்சியிலும் எழுதுவார்க்கு இத்தகைய காட்சிகளுக்குக் குறைவில்லை. நெல் மூட்டைகள் வந்திறங்கும் விற்பனைக் கூடம். பாறை நிழலில் ஆடுகளை மடக்கிவிட்டுக் கண்ணயரும் இடையன். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலைக் காண மூட்டை முடிச்சுடன் பேருந்திற்குக் காத்திருக்கும் கூட்டம். இராஜகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணியம்மன் சன்னிதிக்குப் பூமாலை சுமந்து செல்லும் மூதாட்டி. தாராசுரத்துச் சிற்பி இவர்களைக் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டான்.

இச்செய்தி கும்பாபிஷேக மலரில் இடம் பெறுதற்குத் தக்க காரணம் உண்டு. கோயிலின் பழம்பகுதி பெரும்பாலும் பகைவரால் அழிவதிலும் மிகுதியாக அன்பரால் அழிகிறது. சொல்லக் கசப்பான உண்மை இது. தம் ஊர்க் கோயில் பொலிய வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு உபயதாரர் பொருள் வழங்குகின்றனர். பழைய தூண் சாய்ந்திருக்கிறது என்று புதுத்தூண் வருகிறது. தரை குண்டும் குழியுமாக இருக்கிறது என்று வழவழப்பான கல் பாவப்படுகிறது. அதனால் தரை உயர்ந்து, அதிட்டானத்தின் கல்வெட்டு வரிகள் இரண்டு புதைந்து போகின்றன. அழுக்கைப் போக்க மணலை விசையோடு வீசித் தேய்த்த இடங்களில் எழுத்துக்களின் முனை மழுங்கிற்று. சுவரின் பழைய ஓவியத்தின்மேல் வெள்ளை ஏறிற்று. இவற்றுள் ஒன்றேனும் தீய எண்ணத்தால் நிகழ்ந்தது அன்று. அங்கே என்ன இருந்தது என்பதை ஒருவரும் நின்று காணாமையால் நிகழ்ந்தது.

திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்யும் முறையை அன்பர்கள் அறிவர். அத்திப் பலகையிலே சுவாமியின் திருவுருவை எழுதி, மூலமூர்த்தியின் சான்னித்தியத்தை அப்பலகைக்கு மாற்றி, திருப்பணி முடியுங்காறும் அப்பலகைக்கே பூசை நடத்துகின்றனர். இறைவனே ஒரு சித்திரத்தில் எழுந்தருளியிருக்கும் காலம் அது. அதே நாட்களில் கோயிலின் சுவரையும் தூணையும் போதிகையையும் கோமுகியையும் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் பத்துப்பேரைக் கொண்டு ஒரு கட்டுத் தாளில் எழுதி வாங்குதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு வேளை அன்னதானச் செலவும் ஆகாது. பிள்ளைகள் எழுதும் கோடு கோணலாக இருக்கட்டும். எத்தனை தூண், எந்தத் தூணில் எந்த உருவம், எந்தச் சுவரில் எத்தனை வரி எழுத்து என்பது அதில் இருக்கும். சாரம் கட்டிய பின் ஸ்தபதியாருக்கு ஐயம் தோன்றினால் எடுத்துப் பார்க்கலாம். அப்பிள்ளைகளுக்குத் தம் ஊர்க் கோயில் ஆயுள் முழுதும் மறவாது.

இஃது ஏதோ புதுமுறை என்று எண்ண வேண்டா. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். உபயதாரர்க்கெல்லாம் முதல்வியார் என்று அவரைச் சொல்லலாம். காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாவில் அவர் திருப்பணி செய்தபோது, பழைய கோயிலின் கற்களில் முந்தைய அரசர் காலத்துச் சாசனங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றுள் பல்லவர் காலத்தனவும் இருந்தன. இறந்துபோன அரசர் தந்த விளக்குக்கும் நிலத்துக்கும் உரிய எழுத்துக்களைப் புதிய கோயிலில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அத்தேவியார்க்கு இல்லை. ஆயினும் அவற்றை ஒவ்வொன்றாகப் படியெடுத்துப் புதிய சுவரிலே மீண்டும் வெட்டுவித்தார். வெட்டியதோடு, எது புதியது எது பழையதன் படி என்று பின்வருவோர் மயங்காதவாறு, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று அங்கங்கே குறிக்கவும் செய்தார். அந்தப் பழங்கற்களுள் பல இன்று இல்லை. திருக்கோடிகாவில் வலம் வருவோர் சற்றே நின்று விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால், அக்குறிப்பைச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

திருச்சிற்றம்பலம்